கை நின்ற இடம்

மன்னார்குடி சாரங்கபாணியின் இன்னிசைக் குழுவில் சேருகிற எவருக்கும் முதல் நாளே ஒரு சட்டம் சொல்லப்படும். பாடுகிறவர் வரியை மறக்கலாம். தபேலாக்காரர் நடுவில் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரலாம். கமிட்டித் தலைவருக்குச் சால்வை போடுவதற்காகப் பாட்டையே பாதியில் வெட்டலாம். கீபோர்டுக்காரர் கை மட்டும் நிற்கக் கூடாது.

"கை நின்னுச்சுன்னா சனம் எந்திரிச்சுரும். சனம் எந்திரிச்சா அடுத்த வருஷம் அந்தக் கோயில்ல வேற பேனரு தொங்கும்" என்பார் சாரங்கபாணி.

கயல்விழியின் கை நின்றதே இல்லை. இடும்பாவனம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் கட்டவிழ்த்துக்கொண்ட காளை ஒன்று கூட்டத்துக்குள் புகுந்துவிட்டது. பாடகி மேடையின் பின்பக்கம் குதித்தாள். டிரம்ஸ்காரர் அவளுக்கு முன்பே குதித்திருந்தார். கயல்விழி மட்டும் இடது கையால் சுருதியைப் பிடித்தபடி, வலது கையால் பாட்டின் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். மாட்டைப் பிடித்துக் கட்டியதும் சனம் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்தது.

"இது பொண்ணு இல்லடா, ஜெனரேட்டரு" என்று சாரங்கபாணி குழுவிடம் சொன்னார். அதற்குமேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

பின்னால் அவளை ஆட்டிவைத்ததும் இந்த நிற்காத கைதான். அதற்கு முன்னால் அந்தக் கை கீபோர்டுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கோட்டூருக்குக் கிழக்கே ஆலத்தடி அவள் ஊர். அப்பா அரசப்பனும் அம்மா ராசம்மாளும் பண்ணை வேலைக்குப் போனவர்கள். பிறகு குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தார்கள். கயல்விழி பத்தாவது படிக்கும்போது அதில் ஒரு பகுதியைத் தங்கள் பேருக்கே எழுதிக்கொண்டார்கள். பண்ணை வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட "ஏ அரசு" என்று கூப்பிட்ட காலத்தில் வளர்ந்தவர் அரசப்பன். அதனால் தன் பிள்ளைகளுக்கு யாராலும் சுருக்க முடியாத பேராகப் பார்த்து வைத்தார். மகனுக்கு நெடுஞ்செழியன், மகளுக்குக் கயல்விழி. ஊர் இரண்டையும் சுருக்கத்தான் செய்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது முழுசாகத்தான் கூப்பிடுவார்கள் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஒரு கீபோர்டு இருந்தது. யாரோ கொடுத்துவிட்டுப் போனது. ஆண்டு விழாவுக்கு மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும். அதன் நடுவில் இரண்டு கட்டைகள் ஊமை. எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கயல்விழி சாவி வாங்கிக்கொண்டு போய், காதில் இருக்கும் பாட்டைக் கட்டை கட்டையாகத் தேடுவாள். மெட்டு அந்த ஊமைக் கட்டையில் போய் இடிக்கும்போது பாட்டையே ஒரு கட்டை தள்ளி ஆரம்பித்துப் பார்ப்பாள். அங்கேயும் இடித்தால் இன்னும் ஒரு கட்டை தள்ளுவாள். எப்படித் தள்ளியும் சரிப்படாத பாட்டென்றால், அந்த இடம் வரும்போது பக்கத்துக் கட்டைகளைத் தொட்டுக்கொண்டு சுற்றிப் போவாள். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் எந்தப் பாட்டையும் எந்தச் சுருதியிலும் வாசிக்க வந்துவிட்டது. அது ஒரு திறமை என்றே அவளுக்குத் தெரியாது. உலகத்தில் எல்லாக் கீபோர்டிலும் இரண்டு கட்டை ஊமையாகத்தான் இருக்கும், எல்லாரும் இப்படித்தான் சுற்றிப் போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

மன்னார்குடியில் கல்லூரி படிக்கும்போது நிலோஃபர் சிநேகிதியானாள். கூத்தாநல்லூர்ப் பெண். கையில் எப்போதும் போனைப் பிடித்துக்கொண்டு எதையாவது படம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் எடுத்த சின்னச் சின்னப் படங்களுக்குக் கயல்விழி மெட்டுப் போட்டுக் கொடுப்பாள். படிப்பு முடிந்ததும் நிலோஃபர் படத்தொகுப்பு வேலைக்குச் சென்னைக்குப் போனாள். கயல்விழி சாரங்கபாணியின் குழுவுக்குப் போனாள்.

மேடையில் வாசித்தாலும் அவள் ஆசை மேடையில் இல்லை. படத்துக்கு இசை போட வேண்டும். யாரோ ஒரு பெண் திரையில் வாசல் தெளிக்கும்போது, அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமல் சொல்கிற வேலை அது. அதற்காக வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கினாள். கட்டில் போட்டிருந்த அந்த அறையில், சுவர் நெடுக உமி அடைத்த சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டாள். சத்தம் நன்றாக அடங்கியது. ஆனால் உமியில் ஒட்டியிருந்த நொய்யைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. அவள் பதிவு செய்த முதல் புல்லாங்குழல் துண்டில் கடைசியில் ஒரு பூனை கத்தும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றியுள்ள வயல்களில் மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும்; அந்த இரைச்சல் மைக்கில் ஏறும். ஐப்பசியில் தவளைகள். இவற்றுக்கு நடுவில் எந்தப் பொழுது அமைதி என்று கண்டுபிடித்து, அந்தப் பொழுதில் வேலை செய்யப் பழகினாள். தெரியாததை இணையத்தில் பார்த்தாள். பார்த்ததைச் செய்து பார்த்தாள். சரியாக வராததை மறுபடி செய்தாள்.

சென்னையில் சீரியல்களுக்கு இசை போடும் ஒருவர், இணையம் வழியாகக் காட்சிகளை அனுப்பி அவளிடம் துண்டு துண்டாக இசை வாங்க ஆரம்பித்தார். அழுகைக்கு ஒன்று, கதவு திறந்து யாரோ வருவதற்கு ஒன்று, மாமியார் திரும்பிப் பார்ப்பதற்கு ஒன்று. இப்படிப் பின்னாலிருந்து செய்து கொடுக்கிறவர்கள் பேரைத் திரையில் போடும் வழக்கம் கிடையாது. அது கயல்விழிக்குத் தெரியும். அரசப்பனுக்குத் தெரியாது.

முதல் நாள் அவர் தெருவையே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். சீரியல் ஓடியது. பேர்கள் ஓடின. கயல்விழி என்று எதுவும் வரவில்லை. எதிர்வீட்டுப் பகலவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏண்ணே, உங்க மவ வாசிச்சது எந்த எடம்? நடுவுல சோப்பு விளம்பரம் வந்துச்சே, அதுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அரசப்பனும் கூடச் சிரித்தார். மறுநாளிலிருந்து அந்தச் சீரியல் ஓடும் நேரத்தில் தண்ணீர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயலுக்குக் கிளம்பிவிடுவார். கோடையில், வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லாத நாளிலும் கிளம்பினார். கயல்விழி அதைக் கவனித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் நிலோஃபரின் போன் வந்தது.

"கயலு, படம் முடிஞ்சுருச்சுடி! பெருநாளுக்கு டிவியில போடுறாங்க!"

நிலோஃபர் சொந்தமாக எடுத்த முதல் படம் அது. 'பால் காய்ச்சிய வீடு' என்று பேர்.

"மியூசிக் நீதான். அதுல ஒரு சிக்கல் இருக்கு, கேட்டுக்க. சேனல்ல அவங்களுக்குன்னு ஒரு ஆளு இருக்காரு. அவரையே போடச் சொல்லு, புது ஆளெல்லாம் வேணாங்குறாங்க. எங்க ஊருப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ போட்டதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்கன்னு சண்டை போட்டு வாங்கியிருக்கேன். அவங்களுக்குப் புடிக்கலன்னா அவரு போட்டுருவாரு, அவரு பேருதான் வரும்."

"புடிச்சா?"

"இசை, கயல்விழி. தனிக் கார்டு. வேற ஒரு ஈ எறும்பு பேரு கூட அதுல இருக்காது."

கயல்விழி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இனிஷியலோட போடுவாங்களாடி?"

படத்தின் கதை சின்னது. கூத்தாநல்லூரில் ஒரு பெண். புருஷன் கல்யாணமான கையோடு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் போனில் சொல்லச் சொல்ல இவள் தனியாக நின்று ஒரு வீடு கட்டுகிறாள். கொத்தனாரோடு மல்லுக்கட்டுகிறாள், கம்பி வந்து இறங்குவதைக் காவல் காக்கிறாள், பால் காய்ச்சிக் குடிபோகிறாள். பல வருஷம் கழித்து அவன் திரும்பி வருகிறான். வந்த அன்று சாயங்காலம், பள்ளிவாசலில் மக்ரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், கூடத்து விளக்கைப் போட எழுந்திருக்கிறான். சுவிட்சு எங்கே என்று தெரியவில்லை. தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டின் சுவரைத் தடவிக்கொண்டே போகிறான். ஒன்றைத் தட்டுகிறான், மின்விசிறி ஓடுகிறது. இன்னொன்றைத் தட்டுகிறான், வாசலில் விளக்கு எரிகிறது. அடுப்படியில் நிற்கும் மனைவிக்குச் சுவிட்சுகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள், குரல் கொடுக்கவில்லை. கடைசியில் கூடத்து விளக்கு எரிகிறது.

கயல்விழி அந்தப் படத்தைத் தூக்கத்தில்கூடப் பார்த்தாள். ஒரு மாசம் உமிச் சாக்கு அறையை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்லலாம். அவள் போட்டு முடித்தபோது படத்தில் இசை இல்லாத இடமே இல்லை. நிலோஃபர் கேட்க நேரிலேயே வந்தாள். ராசம்மாள் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கயலு, என் படத்துல நாய் கொலைச்சாக்கூட வயலின் வருது."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான்டி இருக்கு. கல்யாண வீட்டுல பரிமாறுற ஆளு மாதிரி இருக்கு. இலையில எடத்தைப் பார்த்தா உடனே வந்து ஊத்துறே. போதும்னு கையை வச்சு மறைச்சா, கை மேலயே ஊத்துறே."

கயல்விழிக்குச் சுருக்கென்றது. "நீ ரூமுக்குள்ள உக்காந்து வெட்டி ஒட்டுறவ. நான் சனத்துக்கு முன்னாடி உக்காந்தவ. ஒரு நிமிஷம் சும்மா விட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க, தெரியுமா ஒனக்கு?"

"டிவி பாக்குறவங்க சொந்த வீட்ட விட்டு எங்கடி எந்திரிச்சுப் போவாங்க?"

"ரிமோட்ட எடுப்பாங்க."

ரிமோட்டுக்கு அவளும் பயந்தவள்தான். "அந்த சுவிட்சு சீனை மட்டுமாவது பாருடி. அவன் சுவத்தத் தடவுறான். அப்ப உன் வயலின் என்னைக் கூப்பிட்டு, அழு அழுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

கோபம் ஆறியதும் கயல்விழி இசையைக் குறைத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் இசையை நீக்குவாள். அந்த இடம் அவளுக்கு மேடையில் பாடகர் வரியை மறந்து நிற்பதுபோல் தெரியும். இடது கை தானாக எழுந்துவிடும். மறுபடி வைத்துவிடுவாள். எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்ல ஒரு அளவுகோலும் இல்லை. கை போடத்தான் பழகியிருந்தது.

மழைக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டும் என்று, ராசம்மாள் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பின்பக்க வேப்பமர நிழலில் கீற்று முடைய உட்கார்ந்தது அந்த வாரம்தான். ஊறப்போட்ட தென்னை மட்டையைப் பிளந்து, அதன்மேலேயே உட்கார்ந்து, ஓலையை ஒன்று விட்டு ஒன்று கோத்துக்கொண்டே போவார்கள். கை தன்பாட்டுக்கு ஓடும். வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

"ஏன்டி கயலு, அப்படி என்னதான் படம் அது? கதவச் சாத்திக்கிட்டு நீ மட்டும் பாக்குறே? எங்களுக்கும் காட்டுறது" என்றாள் பகலவன் வீட்டு அத்தை.

மறுக்க முடியாமல் மடிக்கணினியைக் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் வைத்தாள். முதலிலிருந்து வேலையை ஆரம்பிக்க அவள் திறந்து வைத்திருந்தது இசையே இல்லாத படம். அதையே ஓடவிட்டாள்.

பார்த்தார்கள் என்று சொல்வதைவிடப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் கட்டியிருக்கும் சேலை எந்தக் கடையில் கிடைக்கும், கொத்தனார் எப்படி ஏமாற்றுகிறான், இவ்வளவு பெரிய அடுப்படியை யார் பெருக்குவது. நாலு பெண்களின் கையிலும் ஓலை சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தது. கயல்விழி எரிச்சலோடு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

திடீரென்று ஏதோ குறைந்தது. மோட்டார் ஓடி நின்றால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணைத் திறந்தாள். ஓலைச் சத்தம் நின்றிருந்தது. நாலு பேர் கையும் நின்றிருந்தது. பகலவன் வீட்டு அத்தை கோத்த ஓலையை இழுக்காமல் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். டக்கென்று ஒரு சுவிட்சு. மறுபடி ஒன்று. கூடத்து விளக்கு எரிந்தது.

"பாவி மவ, அங்கேருந்து ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போயிருவா?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராசம்மாள், "ஏன் குடுக்கணும்? தேடட்டும், நல்லாத் தேடட்டும்" என்றாள். சரக் சரக் என்று ஓலை மறுபடி ஓட ஆரம்பித்தது.

கயல்விழி எழுந்து அண்டா பக்கம் வந்தாள். "அத்தே, இன்னொரு தடவ பாருங்க."

"வேல கெடக்குடி!"

"வேலையப் பார்த்துக்கிட்டே பாருங்க. அதுதான் எனக்கு வேணும்."

இந்தத் தடவை அவள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, ஓலையைக் கேட்டாள். ஓலை மும்முரமாக ஓடும் இடங்களில் படம் இவர்களைப் பிடிக்கவில்லை. அங்கே இசை வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஓலை தானாக மெதுவாகும் இடங்கள் இருந்தன. அங்கே இசை காலடிச் சத்தம் கேட்காமல் உள்ளே வரலாம். ஓலை நின்றுபோகும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே அவளுக்கு வேலை இல்லை. பத்து வருஷம் மேடையிலிருந்து சனத்தின் அசைவைப் பார்த்தே வாசித்தவள் அவள். சனம் அசையாத இடம் எது என்று மட்டும் அவள் கேட்டதே இல்லை. அப்படி ஓர் இடம் வர அவள் கை விட்டதில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மெட்டுப் போட்டாள். வீடு கட்டும்போதும் பால் காய்ச்சும்போதும் போனில் சிரிக்கும்போதும் வருகிற மெட்டு. அந்த மெட்டில் இரண்டு ஸ்வரங்களைத் தொடவே இல்லை. அங்கே போக வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மெட்டு பக்கத்தில் நடந்து சுற்றிப் போனது. கேட்கிறவர்களுக்கு என்ன என்று தெரியாது; ஏதோ ஒன்று இல்லை என்று மட்டும் தோன்றும். சுற்றிப் போவது கயல்விழிக்குப் புதிதல்ல, பள்ளிக்கூடத்து அலமாரிக் கீபோர்டில் பழகியதுதான். சுவிட்சுக் காட்சியில் ஒன்றுமே இல்லை. சுவரில் உரசும் கையும் சுவிட்சின் சத்தமும் மட்டும். கூடத்து விளக்கு எரிந்த பிறகு, அந்த இரண்டு ஸ்வரங்கள் முதல் தடவையாக ஒலித்தன.

நிலோஃபர் கேட்டுவிட்டுப் போன் போட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சேனலுக்கு அனுப்புறேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கயல்விழியையே கூப்பிட்டார்.

"மேடம், நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா அந்த சுவிட்ச் சீன்ல உங்க டிராக் வரல. ஃபைல்ல ஏதோ கோளாறு. திரும்ப அனுப்புங்க."

"கோளாறு இல்ல சார். அந்த இடத்துல மியூசிக் கிடையாது."

எதிர்முனையில் அவர் சிரித்தார். "பெருநாள் ஸ்பெஷல் மேடம். அவ்ளோ நேரம் சும்மா விட்டா, டிவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அடுத்த சேனலுக்குப் போயிருவாங்க. ஏதாவது போட்டுக் குடுங்க, ஒரு வயலின் போதும். இல்லன்னா எங்க ஆளு அந்த எடத்த மட்டும் முடிச்சுருவாரு. அப்ப கார்டுல ரெண்டு பேரு வரும். அவரு சீனியர்ங்கிறதால அவரு பேருதான் முதல்ல. நாளைக்குள்ள சொல்லுங்க."

ஒரு வயலின் போதும். அது அவளிடம் இருந்தது. முதலில் போட்டதில் இருந்து அப்படியே எடுத்து வைத்தால் முடிந்தது. நிலோஃபரிடம் கேட்டாள்.

"போட்டுரு கயலு" என்றாள் நிலோஃபர். "நான்தான் வேணாம்னேன், இப்ப நான்தான் சொல்றேன். பேரு முக்கியம்டி. அடுத்த படத்துல நம்ம இஷ்டத்துக்குப் பண்ணிக்கலாம்."

கயல்விழி அந்த வயலினை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வந்ததும் சுவிட்சின் சத்தம் அமுங்கிப்போனது. அடுப்படியில் நிற்கிறவள் எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதே தெரியவில்லை. கதவுக்கு வெளியே அரசப்பனின் செருப்புச் சத்தம்.

"ஆயி, டிவிக்காரங்க பேசுனாங்களாமே. பேரு போடுறாங்களா?"

"போடுவாங்கப்பா."

"தனியாவா?"

அவள் ஹெட்போனின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அவர் நிற்கவில்லை. "சரி சரி, நீ வேலையப் பாரு" என்று போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத வாய்க்காலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து அந்த வயலினை நீக்கினாள். பிறகு சேனலுக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க ஆபீஸ்ல மதியம் எல்லாரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிடுவீங்க?"

"ஆமா. ஏன் மேடம்?"

"நாளைக்குச் சாப்பிடும்போது படத்த ஓடவிடுங்க. கொஞ்சம் முன்னாடியிருந்தே. யாருகிட்டயும் எதுவும் சொல்லாதீங்க, நீங்களும் படத்தப் பாக்காதீங்க. டிபன் பாக்ஸ் சத்தத்த மட்டும் கேளுங்க. சுவிட்ச் சீன்ல அந்தச் சத்தம் நிக்கலன்னா, நீங்க யார வேணும்னாலும் வச்சுப் போட்டுக்குங்க. ரெண்டாவது பேரா எல்லாம் வேணாம் சார். என் பேரே வேணாம்."

"டிபன் பாக்ஸ வச்சு மியூசிக் டெஸ்டா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி மேடம். எங்களுக்கும் பொழுது போகட்டும்."

போனை வைத்த பிறகுதான், தான் எதைப் பணயம் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மறுநாள் மதியம் ராசம்மாள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. மூன்று மணிக்கு மும்முனை மின்சாரம் வந்து மோட்டார்கள் இரையத் தொடங்கின. அதற்கும் பிறகுதான் கூப்பிட்டார்.

"மேடம், கார்டுக்குப் பேரு எப்படி எழுதணும்னு டைப் பண்ணி அனுப்பிருங்க. தப்பு வந்துறக் கூடாது. இனிஷியல் உண்டா?"

"உண்டு சார். அ. அ புள்ளி கயல்விழி." பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், அந்தச் சத்தம்…"

"அத விடுங்க மேடம். எங்க டெக்னிக்கல் ஆளு பாத்துக்கிட்டே கொழம்பச் சட்டையில ஊத்திக்கிட்டாரு. அது அப்படியே போகட்டும், யாரும் கை வைக்க வேணாம். ஆங், அப்புறம், பெருநாள் முடிஞ்சு ஒரு தடவ சென்னைக்கு வாங்க. புது சீரியல் ஒண்ணு இருக்கு. முழுசா நீங்களே பண்ற மாதிரி."

பெருநாள் அன்று சாயங்காலம் அரசப்பன் டிவியை வாசலுக்குத் தூக்கி வந்து வைத்தார். இந்தத் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு அவர்களாகவே வந்தார்கள். கூத்தாநல்லூரிலிருந்து நிலோஃபர் அனுப்பிய பிரியாணி தெருவுக்கே போதுமானதாக இருந்தது. மன்னார்குடியிலிருந்து சாரங்கபாணி வண்டியில் வந்து, முன்வரிசை நாற்காலியில் கச்சேரி பார்க்க வந்தவர்போல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. முதலில் நிலோஃபரின் பேர். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், வேறு ஒரு எழுத்துகூட இல்லாமல், இசை: அ. கயல்விழி.

சனம் ஓவென்று கத்தியது. அரசப்பன் கத்தவில்லை. எழுந்து நின்றார். அந்தக் கார்டு போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, மறைக்குது, உக்காருங்க" என்றார் பகலவன். பிறகு, எதற்காகக் கேட்டாரோ, "அதென்னண்ணே முன்னாடி ஒரு அ?" என்றார்.

"அ-ன்னா நான்தான்யா" என்று சொல்லிவிட்டு அரசப்பன் உட்கார்ந்தார்.

சுவிட்சுக் காட்சி வந்தபோது கயல்விழி டிவியைப் பார்க்கவில்லை. சனத்துக்குப் பின்னால், வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிரியாணித் தட்டுகளின் சத்தம், பிள்ளைகள் சிணுங்குவது, வளையல், இருமல். அவளுக்கு இடது கை ஒரு தடவை எழுந்தது. அதை வலது கையால் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. டக். மின்விசிறி. டக். வாசல் விளக்கு. அவ்வளவு சனம் இருந்த வாசலில் அந்தச் சுவிட்சின் சத்தம் மட்டும் இருந்தது.

விளக்கு எரிந்தது. அந்த இரண்டு ஸ்வரங்கள் வந்தன.

படம் முடிந்து ஆளாளுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போன பிறகு, சாரங்கபாணி இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

"ஏன் கயலு, அந்த எடத்துல உன் கை நின்னு போச்சே! நான் எந்திரிச்சு வந்து மண்டையில ஒண்ணு போடலாம்னு பார்த்தேன்."

"வந்துருக்க வேண்டியதுதானேண்ணே. ஏன் வரல?"

சாரங்கபாணி தன் கையிலிருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தார். ராசம்மாள் எப்போதோ கொடுத்த டீ. உதடுவரை போனது அப்படியே நின்றுவிட்டது; ஒரு வாய்கூடக் குடிக்காமல், மேலே ஆடை படர்ந்து கிடந்தது.

"எங்க வர்றது" என்றார். "இது ஆறிப்போச்சு. உங்கம்மாவ வேற போடச் சொல்லு."